திக்குத் தெரியாமல் நிற்கும் நம் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்து சில வாரங்கள் கழிந்ததும் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஒரே புலம்பல் காதில் விழுகிறது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் மட்டுமல்லர், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய முப்பது வயதுக்காரர்களும், "வாழ்க்கை எங்க போகுதுன்னே தெரியல சார்" என்கிறார்கள். இன்னும் பெரிய திட்டம் போடு, இன்னும் வேகமாக ஓடு என்பதே அவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. அந்த விடைதான் பலரை மேலும் தவிக்கவைக்கிறது என்பது ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியனாகிய என் உறுதியான எண்ணம்.

இந்தத் தவிப்பை அவர்களுடைய சோம்பல் என்று பழிப்பது அநியாயம். நம் பெற்றோர் காலத்தில் வீடு, வேலை, பள்ளி, கோயில், மயானம் அனைத்தும் ஒரே ரப்பர்த் தோட்டத்திற்குள் இருந்தன. விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் இடத்திற்கு, போனவருக்கு அன்றைக்கு எந்த மர நிரை என்பது தெரிந்திருந்தது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய் தரும் செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டன; தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி மக்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தச் சட்டகம் உடைந்தபோது வேறொன்றை யாரும் கட்டித் தரவில்லை. பழைய தோட்ட வாழ்க்கையை நான் புகழவில்லை. கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருந்த வாழ்க்கை அது. ஆயினும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு.

என் தாயார் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். உளி சற்று ஆழமாக இறங்கினால் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்ப்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அந்த இடத்தில் சீவ முடியாமல் போகும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். தடிப்பாகச் சீவினால் ஆண்டுக்கணக்கில் பயன்பட வேண்டிய பட்டை விரைவில் தீர்ந்துபோகும். மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் இந்த வேலையை விடியற்கால இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரம் மரமாகச் செய்தாக வேண்டும். நாளைய கவலையை மனத்தில் வைத்துக்கொண்டு உளி பிடித்தால் மரம் கெட்டுவிடும் என்பார் அம்மா. அவர் தியானம் என்ற சொல்லைக் கேட்டிருப்பாரோ என்னவோ, முன்னால் நிற்கும் ஒரு மரத்தில் முழு மனத்தையும் வைக்கத் தெரிந்திருந்தது. அவரிடம் கவலைகள் ஏராளம் இருந்தும் வேலை நேரத்தில் ஒரு நிறைவு இருந்தது என்பதை அருகில் நின்று பார்த்தவன் நான்.

இதை வெறும் பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எதில் இருக்கிறது, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று அவ்வப்போது கேட்டார்கள். ஏறத்தாழ 47 விழுக்காடு நேரம் மனம் செய்யும் செயலில் இல்லை. அப்படி அலையும் நேரங்களில் மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. இனிய நினைவுகளில் திரிந்தவர்கள்கூடச் செயலில் ஊன்றியிருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்பதை நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் மனத்தை எந்நேரமும் ஐந்து ஆண்டுகளுக்கு அப்பால் துரத்திக்கொண்டிருப்பவர்கள் நாம்தானே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவரிடம் "இருப்பதைக் கொண்டு திருப்தியாக இரு" என்று உபதேசிப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அவர் கூடுதல் சம்பளம் கேட்கட்டும், கைத்தொழில் கற்கட்டும், வேலை மாறட்டும். அவையெல்லாம் நடக்கும்வரை வாழ்க்கை இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணி, சமைக்கும் சோற்றையும் பிள்ளையின் பேச்சையும் கவனியாமல் நாளைக் கடத்த வேண்டியதில்லை என்பதே நான் சொல்வது. உறக்கமும் பசியும் கெட்டு, உயிர்மேலேயே வெறுப்பு வந்துவிட்டவர்களுக்கோ இத்தகைய பேச்சு போதாது; அவர்களை உடனே அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல வேண்டும். மனத்துயரில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைத்துப் பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்படும்வரை சிறப்புத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் படங்களைத் தமிழ் நாளேடுகள் பக்கம் பக்கமாக வெளியிட்டன, எஸ்.பி.எம். முடிவுகளுக்கு அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. அது நல்ல பணியே. ஆனால் அந்தப் பக்கத்தில் இடம்பெறாத பிள்ளையும் அதே நாளேட்டைத்தான் புரட்டுகிறான். லாரி ஓட்டுநர், தையற்காரர், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர், செம்பனைக் குலை அறுப்பவர் ஆகியோரில் ஒருவரிடம், அவருடைய சாதாரண ஒரு நாளில் எது மனநிறைவு தருகிறது என்று கேட்டு, ஞாயிறு பதிப்பில் வாரம் அரைப் பக்கம் வெளியிட முடியுமா? எங்கள் வட்டாரத்தில் அவர்களைச் சந்தித்து எழுதி அனுப்பும் பொறுப்பை நானே ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.