மீத்தேன் உறுதிமொழியில் நாம் எப்போது கையெழுத்திடுவோம்?

மாண்புமிகு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2021-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலக மீத்தேன் உறுதிமொழி பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புவியைச் சூடேற்றும் மீத்தேன் வாயுவின் உலக வெளியேற்றத்தை, 2020-இல் இருந்த அளவிலிருந்து 2030-க்குள் 30 சதவீதம் கூட்டாகக் குறைப்போம் என்று 150-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. நாம் இன்னும் சேரவில்லை.

கேட்டால் விவசாயியைக் காட்டுகிறீர்கள். நெல்வயலும் மாடும் மீத்தேனை வெளியிட்டாலும் அவை அவர் பிழைப்பு, அதில் கை வைக்க முடியாது என்கிறீர்கள். சரி, முழுமனதோடு ஏற்கிறேன். ஒற்றை மாட்டை வைத்துப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துபவர் தலையில் இதை ஏற்றுவது அநியாயம். ஆனால் குப்பைமேட்டிலிருந்து வரும் மீத்தேன் எந்த விவசாயியுடையது? நிலக்கரிச் சுரங்கத்தில் கிளம்புவதும் எரிவாயுக் குழாயில் கசிவதும் யாருடையவை?

2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தது. குப்பைமேட்டுத் தீ லேசில் அடங்காது. தண்ணீரைப் பீய்ச்சினால் மேலே அணையும். அடியில், காற்றுப் புகாமல் அழுகிய குப்பையின் வாயுவில் கனன்றுகொண்டே இருக்கும். சற்று நேரத்தில் பத்தடி தள்ளிப் புகை கிளம்பும். ஜன்னலை மூடினால் சித்திரைப் புழுக்கம், திறந்தால் புகை. வீட்டில் கைக்குழந்தையும் மூச்சிரைப்புள்ள பெரியவரும் இருந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

எரியாத நாட்களில் அந்த வாயுவிலுள்ள மீத்தேன் கண்ணுக்குத் தெரியாமல் மேலே போகிறது. 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றுகிறது. ஆனால் காற்றில் ஏறக்குறைய 12 ஆண்டுகள்தான் தங்கும். இப்போது குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும். வடதுருவக் கடற்பனிக்கு வேண்டியது இந்த வேகம்தான். 1980-களில் செப்டம்பர் மாதங்களில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்த பனி, 2012 செப்டம்பரில் 34 லட்சமாகச் சுருங்கியது. பனி விலகிய இடத்தில் இருண்ட கடல்நீர் வெயிலை உறிஞ்சி, மிச்சப் பனியையும் உருக்குகிறது.

வடதுருவம் நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று இந்திய அரசே நினைக்கவில்லை. 2008-இல் வடதுருவப் பகுதியில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்தோம். 2022-இல் ஆர்க்டிக் எனப்படும் அந்த வடதுருவப் பகுதிக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டோம். அங்குள்ள மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் தொடர்புண்டு என்று பேசினோம். உருகுவதை ஆராய ஆள் அனுப்பத் தெரிந்த அரசுக்கு, உருக்கும் வாயுவைக் குறைக்கக் கையெழுத்திட ஏன் இத்தனை தயக்கம்?

வளர்ந்த நாடுகள் முதலில் செய்யட்டும் என்கிறோம். அவர்கள் பங்கு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் குப்பையைத் தரம் பிரித்து வாங்க வேண்டும் என்பது 2016-இல் நாமே போட்ட விதி. வீட்டில் பிரித்துக் கொடுத்ததையும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுவது இன்றும் பல தெருக்களில் நடக்கிறது. அதைத் திருத்த எந்த வெளிநாடு தடுத்தது?

கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உறுதிமொழியில் கையெழுத்திடுங்கள் என்றுதான் கேட்கிறேன். முழுதாக முடியாதென்றால் வயலையும் மாட்டையும் விட்டுவிடுங்கள். குப்பை, சுரங்கம், எண்ணெய்-எரிவாயு ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது ஆண்டுவாரி இலக்கை வரும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்