கல் வந்தது, கால் வைக்க இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைக் கரையோரம் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உப்புவெளிப் பக்கம் கருங்கல் போட்டதால் கரை காப்பாற்றப்பட்டுவிட்டது என்று அதில் ஒரு வரி. எழுதியவர் வாகனத்தை விட்டு இறங்கினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இராது.

இருபத்திரண்டு வருடமாக விடியப்புறம் அந்தக் கரையில் நடக்கிறேன். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் மணலை இழுத்துக்கொண்டு போகும், சித்திரைக்குள் திரும்பக் கொண்டுவந்து போடும். இந்தக் கொடுக்கல் வாங்கல் கரைவலைக்காரர் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியாததல்ல. இப்போது அலை கல்லில் மோதித் திரும்புகிற வேகத்தில் அடிமணலையும் அள்ளிக்கொண்டு போகிறது. கல் முடிகிற இடத்துக்கு அப்பால் கரை கத்தியால் வெட்டினது போல் நிற்கிறது. ஒரு தென்னை வேரெல்லாம் வெளியே தெரியச் சாய்ந்து கிடக்கிறது. அங்குள்ள சுற்றுலா விடுதிக்கு முன்னால் உள்ள கரை மட்டும் காப்பாற்றப்பட்டது என்று எழுதியிருந்தால் சரி.

போன மாதம் அந்தக் கல்லில் ஏறிக் கடக்கப்போய்ப் பாசியில் வழுக்கி முழங்கால் தோல் உரிந்தது. ஒற்றைச் செருப்பு இன்னமும் இரண்டு கல்லுக்கு நடுவில்தான் இருக்கிறது. சுற்றிப் போகலாம் என்றால் விடுதி வேலி ஈரமணல் வரை வந்து நிற்கிறது. காவலுக்கு நின்ற பொடியன், "ஐயா, றோட்டால போங்கோ" என்றான். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. வேலி போட்டவர் கையில் அளவுநாடா இருக்கவில்லை போலும்.

அழகுபடுத்துகிறோம் என்று இராவணன் மீசைப் புல்லையும் அடம்பன் கொடியையும் இயந்திரத்தால் வழித்தெடுத்தபோதும் உங்களுக்கு எழுதினேன். மணலைப் பிடித்து வைத்திருந்தது அவைதானே. கடிதத்தில் பாதியைத்தான் போட்டீர்கள். அதிலும் அடம்பன் கொடி 'ஆடம்பரக் கொடி' ஆகியிருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு சவுக்கு நட வந்தவர்களும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், தண்ணீர் வாளி தூக்கியது நாங்கள்தான்.

கல்லை எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் மாட்டார்கள். ஏறி இறங்க ஆறு சீமெந்துப் படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவு போதும். தோணி ஏற்ற ஓர் இடைவெளியும் விட்டால் புண்ணியம். உரியவர்கள் கண்ணில் படும்படி இதைப் போடுங்கள். இம்முறை முழுதாக.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
திருகோணமலை.