காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்துவிட்டது. திருத்திய விடைத்தாள்கள் விடுமுறை கழிந்து பிள்ளைகளின் கைக்கு வரும். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவ மாணவியர் சிறப்பாகப் பங்கேற்றார்கள்; கோ-கோவில் பெண்கள் அணி இறுதி ஆட்டம் வரை போனது. ஆசிரியர் தின விழா, அறிவியல் கண்காட்சி, மரக்கன்று நடுதல் எல்லாம் இனிதே நடந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட கீரைப் பாத்தியில் ஆடு புகுந்ததைத் தவிர இந்தப் பருவத்தில் பெரிய குறை ஒன்றுமில்லை. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி.

சரி, அப்புறம் ஒரு சிறு விஷயம்.

சிறு விஷயம் என்று எழுதிவிட்டேனே தவிர, இந்தக் கடிதமே அதற்காகத்தான். சென்ற வாரம் மதிய இடைவேளை முடிந்த கையோடு எட்டாம் வகுப்பு அறையில் ஒரு மாணவி, "நெயில் பாலிஷ் வாசம் வருது மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். யாரோ நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள் என்று ஆசிரியை முதலில் பெண்கள் வரிசையைத்தான் அதட்டினார். வாசம் வந்ததோ ஸ்மார்ட் போர்டுக்குப் பின்னாலிருந்து. அங்கே பிளக் பாயின்டில் உள்ளங்கை அளவு கறுப்பு சார்ஜர் ஒன்று. அதிலிருந்து இறங்கிய வயர், கீழே கிடந்த ஒரு புத்தகப் பைக்குள் போயிருந்தது. பையைத் திறந்தால் சமூக அறிவியல் நோட்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில், பூரி மாதிரி உப்பிய ஒரு பேட்டரி.

ஆசிரியை பதறவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, பிள்ளைகளை வரிசையாக வெளியே அனுப்பினார். உடற்கல்வி ஆசிரியர் பையின் வாரை ஒட்டடைக் கம்பால் மாட்டித் தூக்கி மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். இயற்பியல் ஆய்வகத்து மணல் வாளியும் பின்னாலேயே போனது. ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு அமர்க்களம் தேவைதானா என்று எனக்கே தோன்றியது. அப்போதுதான் பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன் சீறுமே, அப்படி ஒரு சத்தம். வெள்ளைப் புகை, அதன் பின்னாலேயே தீ. பார்த்துக்கொண்டிருந்தபோதே பை எரிந்துபோனது. ஜாமெட்ரி பாக்ஸ் மூடியின் பெயின்ட் கொப்பளித்துவிட்டது. வராந்தாவில் நின்ற பிள்ளைகளில் சிலர் கைதட்டினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மைதானத்தில் அந்தக் கருகிய வட்டம் இன்னும் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

அந்த மாணவன் யார் என்று சொல்லப் போவதில்லை. தயவுசெய்து யாரும் விசாரிக்கவும் வேண்டாம். கெட்டிக்காரப் பையன். தெர்மாகோல் அட்டையை வெட்டி ஒட்டி, மோட்டார் பொருத்தி, தானே ஒரு விமானம் செய்து பறக்கவிட்டவன். "ஏன்ப்பா இதை இங்கே கொண்டுவந்து சார்ஜ் போட்டாய்?" என்று கேட்டேன். "வீட்டுல போட்டா அம்மா திட்டுவாங்க சார்" என்றான்.

நான்கு நாட்களாக இந்த ஒரு வாக்கியம்தான் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா திட்டியதில் தப்பே இல்லை. ஆனால் திட்டு விழுந்ததும் சார்ஜர் நின்றுவிடவில்லை. யார் கண்ணிலும் படாத இடம் தேடிப் போனது. இந்த பேட்டரி விஷயத்தில் எனக்குப் பெரிய பயமே அதுதான்.

இது என்ன பேட்டரி என்று சிலர் கேட்டீர்கள். லித்தியம் பாலிமர், பிள்ளைகள் பாஷையில் லிப்போ. ட்ரோன், ரிமோட் கார், மாதிரி விமானம் எல்லாவற்றிலும் இருப்பது. உங்கள் கைப்பேசிக்குள் இருப்பதும் இதன் பங்காளிதான். "அப்போ போன் மாதிரிதானே சார்" என்று கேட்பீர்கள். அளவில் சரிதான். அந்தப் பையனின் பேட்டரி 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி. கணக்குப் போட்டால் சுமார் 24 வாட்-மணி. ஒரு போனில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் போன் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதை இது பத்து நிமிடத்துக்குள் கொட்டிவிடும். அதற்காகவே செய்தது. அப்புறம், போனுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான்: அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் சிறு சர்க்யூட். விமானத்துக்கான லிப்போவில் பொதுவாக அது கிடையாது. கனமான உறையும் கிடையாது. அந்தக் காவல் வேலையை சார்ஜரும் அதைப் போடுகிறவரின் கண்ணும்தான் செய்தாக வேண்டும்.

உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று தொடாமல் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். முந்தின நாள் மாலை விமானம் மூக்குக் குத்தி விழுந்ததாகவும், பேட்டரியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததாகவும் அந்த மாணவன் பிறகு சொன்னான். பெரும்பாலும் அங்கேதான் கதை தொடங்கியிருக்கும். விழுந்து நசுங்கிய பேட்டரி சாதாரணமாகவே தெரியும், சார்ஜரில் போட்டால் விளக்கும் எரியும். அந்த விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் என்று நம்பித்தான் அவன் சாப்பிடப் போயிருக்கிறான்.

விடுமுறையில் பிள்ளைகள் இதைத்தான் கையில் எடுப்பார்கள் என்பதால், வீட்டில் நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் போடும் நேரம் முழுக்க விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. கட்டில், சோபா, திரைச்சீலை, பழைய பேப்பர் கட்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். வெறும் டைல்ஸ் தரை நல்லது. செடி வைக்கும் மண் தொட்டி காலியாக இருந்தால் அதற்குள் வைத்துப் போடுவது இன்னும் நல்லது. தீத்தடுப்புப் பை என்று ஒன்று விற்கிறார்கள், வாங்கலாம். ஆனால் அது தீயின் வேகத்தைக் குறைக்குமே தவிர அணைத்துவிடாது. சில வீடுகளில் பாதுகாப்பு என்று நினைத்து இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் வைக்கிறார்களாம். அதைச் செய்யாதீர்கள். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் சம்படமே வெடிகுண்டு மாதிரி ஆகிவிடும்.

சார்ஜர் லிப்போவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பேட்டரியில் இரண்டு தடித்த வயர்கள் தவிர, வெள்ளை பிளக்கோடு மெல்லிய வயர்கள் சில தொங்கும். உள்ளே இருக்கும் செல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபார்ப்பது அந்த வழியாகத்தான். அதைச் சொருகாமல் சார்ஜ் போட்டால், மூன்று பிள்ளைகளின் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூவரும் பாஸ் என்று சொல்வது மாதிரி. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம். மூன்று செல் பேட்டரிக்கு 12.6. எவ்வளவு ஆம்பியர் வைப்பது என்பதற்குப் பெரிய சூத்திரம் இல்லை: 2200 மில்லி ஆம்பியர்-மணி (mAh) என்று அச்சடித்திருந்தால் 2.2 ஆம்பியர், 1500 என்றால் 1.5. அவசரமென்று கூட்டி வைக்க வேண்டாம். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடவும் வேண்டாம், ஆறட்டும். யு.எஸ்.பி. கேபிளில் சார்ஜ் ஏறும் குட்டி பொம்மை ட்ரோன்களுக்கும் இதே கதைதான்; கேபிளில் இருக்கும் சின்ன விளக்கை நம்பிக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

சேமித்து வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். முழு சார்ஜில் பேட்டரியை வாரக்கணக்கில் போட்டு வைத்தால் அது சீக்கிரம் கெடும், உப்பவும் செய்யும். தீப்பிடித்தால் எரியும் வேகமும் அதிகம். அடியோடு தீரவிட்டாலும் கெடுதிதான். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை உயிர்ப்பிக்கப் பார்க்காமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். செல்லுக்கு 3.8 வோல்ட், அதாவது கிட்டத்தட்டப் பாதி சார்ஜ் – அந்த நிலையில் வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் தானே செய்துகொள்ளும். வைக்கும் இடம் குளுமையாக, காய்ந்ததாக இருக்கட்டும். ஃபிரிட்ஜ் தலைமேல் வேண்டாம். பட்டாவும் பட்டுப்புடவையும் இருக்கும் பீரோவுக்குள் வேண்டவே வேண்டாம். காரில் ஊருக்குப் போகிறவர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். விமானத்தில் போகிறவர்கள் முனைகளை டேப் ஒட்டிக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். தனி பேட்டரியை லக்கேஜில் போட அனுமதியில்லை.

உப்பிய பேட்டரி என்றால் அதன் வேலை அத்தோடு முடிந்தது. "ஊசியால குத்தினா காத்து போயிடும்ல சார்?" என்று ஒரு ஏழாம் வகுப்பு மாணவன் என்னிடம் கேட்டான். அது காற்றில்லை, உள்ளே இருக்கும் கரைப்பான் சிதைந்து உண்டான வாயு. குத்தினால் தகடுகள் ஒன்றையொன்று தொடும், தீ உங்கள் கையிலேயே பிடிக்கும். இந்தக் கேள்வியை உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். நீங்களாகவே ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை பற்றிக்கொண்டால், முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள். அந்தப் புகை விஷம், முகர்ந்து பார்க்கும் தூரத்தில் யாரும் நிற்க வேண்டாம். லித்தியம் தண்ணீரில் பட்டால் எரியும் என்று பாடத்தில் படித்தோமே என்று ஒரு அப்பா கேட்டார். வேதியியல் வாத்தியாரான எனக்கு அந்தக் கேள்வியில் ஒரே சந்தோஷம். பாடத்தில் வருவது லித்தியம் உலோகம். இந்த பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் அதன் சேர்மங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுவது சூட்டைத் தணித்துப் பக்கத்துப் பொருள்களைக் காப்பாற்றும். மணல் தீயைப் பரவாமல் தடுக்கும். ஆனால் சூட்டை இறக்காது. அதனால் அணைந்த மாதிரி தெரிந்தாலும் கிட்டே போகாதீர்கள், மறுபடி பிடிக்கும். கை மீறினால் 101 அல்லது 112.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. சம்பவத்தன்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், "ஒரு பொம்மை பேட்டரிக்கு இவ்வளவு பில்டப்பா" என்று ஒருவர் எழுதியிருந்தார். கூடவே சிரிப்புப் படங்களும் வந்தன. நாற்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அறை அது; வாசல் ஒன்றே ஒன்று. அந்த வாசனையைச் சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருந்திருந்தால் நான் இன்று எந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே விடுமுறைக்குப் பிறகு, எழுத்துமூல அனுமதி இல்லாமல் லிப்போ பேட்டரியோ அதன் சார்ஜரோ பள்ளிக்குள் வரக்கூடாது. வந்தால் வாங்கி வைத்துக்கொள்வோம். பெற்றோர் நேரில் வந்தால்தான் திருப்பித் தருவோம். வகுப்பறை பிளக் பாயின்டில் எதையும் – பவர் பேங்க் உட்பட – சார்ஜ் போடக்கூடாது. மீறினால் அந்த மாணவருக்கு இந்த ஆண்டு முழுவதும் அறிவியல் மன்றம் கிடையாது. சிபாரிசோடு யாரும் வர வேண்டாம்.

தடை போடுவதோடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. பிள்ளைகள் விமானம் விட வேண்டும் என்பதுதான் என் ஆசையும். விடுமுறை முடிந்ததும் சனிக்கிழமை காலைகளில் ஆய்வகத்துக்கு வெளியே, சிமென்ட் மேடையில், ஆசிரியர் முன்னிலையில் சார்ஜ் போட ஏற்பாடு செய்கிறோம். வோல்ட் மீட்டரில் ஒவ்வொரு செல்லையும் அளந்து நோட்டில் எழுதுவதையும் அங்கேயே சொல்லித் தருவோம். கெட்டுப்போன பேட்டரிகளை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் முதலில் காயம்படுவது தூய்மைப் பணியாளர். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 வந்த பிறகு, இதைக் குப்பையோடு சேர்ப்பது சட்டப்படியும் சரியல்ல. முனைகளில் டேப் ஒட்டி, உப்பாதவற்றை மட்டும் பெரியவர் ஒருவர் கொண்டுவந்து தரலாம். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறோம். உப்பியிருந்தால் பேருந்தில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில், மணல் போட்ட மண் தொட்டியில் வைத்துவிட்டு எங்களுக்கு போன் செய்யுங்கள்.

ஆயுத பூஜைக்குப் பிள்ளைகள் ட்ரோனுக்கும் பொட்டு வைப்பார்கள். வைக்கட்டும், அழகாகத்தான் இருக்கும். பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டு வையுங்கள். பக்கத்தில் குத்துவிளக்கும் கற்பூரத் தட்டும் இருக்கும்.

அந்த அம்மா மறுநாள் என்னைப் பார்க்க வந்தார். பையனைத் திட்டியதற்காக வருத்தப்பட்டார். வருத்தப்பட ஒன்றுமில்லை என்றேன். இனி ஞாயிற்றுக்கிழமை காலை, காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துச் சார்ஜ் போடச் சொல்வதாகச் சொன்னார். எனக்கு அது போதும். பதறாமல் செயல்பட்ட ஆசிரியைக்கும், ஒட்டடைக் கம்பு யோசனைக்காக உடற்கல்வி ஆசிரியருக்கும், சட்டென்று வாய்திறந்த அந்த மாணவிக்கும், இவ்வளவு நீளமாகப் படித்த உங்களுக்கும் என் நன்றி. விடுமுறை நல்லபடியாகக் கழியட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் ஆய்வக ஜன்னல் திண்டில் யாரோ இரண்டு பேட்டரிகளை சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றில் பச்சை மார்க்கரால் நட்சத்திரம் வரைந்திருக்கிறது. இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. மணல் வாளியில் வைத்திருக்கிறேன். உரியவர் அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வந்து வாங்கிக்கொள்ளலாம். திட்ட மாட்டேன்.