நெருப்புக் குதிரை ஆண்டில் மகளுக்கு

திருச்சி,
பிப்ரவரி 2026

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது இந்த வாரம் முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. பாஸ்டனில் படித்தபோது, "வாயைத் திறந்து பேசு, இப்படி ஒதுங்கி உட்கார்ந்தால் யார் உன்னை மதிப்பார்கள்?" என்றார்கள். டோக்கியோ அலுவலகத்தில் அதே அளவு பேசினால், "கொஞ்சம் அழுத்தமாகப் பேசுகிறீர்களே" என்று மேலாளர் பக்குவமாக எடுத்துச் சொல்கிறார். "இதில் எந்தப் பொம்பளையா நான் இருக்கணும்மா?" என்று கேட்டாய். நீ சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

போன கோடையில் டோக்கியோவில், உன் நிஷி கசாய் வீட்டில் உன்னோடு இருந்தபோதே கவனித்தேன். தமிழில் பேசும்போது இருக்கிற உன் குரல், ஜப்பானிய மொழிக்கு மாறியதும் இரண்டு கட்டை மேலே போய்விடுகிறது. கடைக்காரப் பெண்ணுக்கும் அப்படித்தான், ரயில் நிலைய அறிவிப்புக் குரலும் அப்படித்தான். உன்னைச் சுற்றியிருக்கிறவர்கள் இதை ஜப்பானியப் பெண்ணின் இயல்பு என்றும், ஆதிகாலத்து மென்மை என்றும் சொல்கிறார்கள். வரலாறு நடத்துகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த 'ஆதிகாலம்' எந்த ஆண்டு என்று கேட்டுப் பார்.

1860களில் ஜப்பானுக்கு வந்த ஐரோப்பியர்கள் அங்கே மணமான பெண்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இரும்புத் துருவைப் புளிக்கவைத்த நீரோடு கடுக்காய் மாதிரி துவர்க்கிற ஒரு பொடியைக் கலந்து அந்தப் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கியிருந்தார்கள். புருவத்தை மழித்திருந்தார்கள். பல நூற்றாண்டுகளாக அதுதான் அழகு. வெள்ளைப் பல்தான் அவர்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தது. அருவருத்து எழுதிய வெள்ளைக்காரர்களின் வீட்டுப் பெண்களோ, திமிங்கிலத்தின் வாயிலுள்ள தகடுகளை வைத்துத் தைத்த கச்சையால் மூச்சு முட்ட இடுப்பை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு 1868இல் மெய்ஜி பேரரசர் பெயரில் புது அரசு வந்தது. 1870இல் பிரபுக் குடும்பங்களுக்குப் பல் கறுப்பாக்கத் தடை. 1873இல் பேரரசியே வெள்ளைப் பல்லோடு வெளியே வந்தார். மேற்கின் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டது ஜப்பானின் கண்ணுக்கும் அசிங்கமாக மாறியது.

இதே நேரத்தில் நடந்த இன்னொன்றைத்தான் நான் வகுப்பில் எப்போதும் அழுத்திச் சொல்வேன். 1871இல் ஆண்கள் குடுமியை எடுக்கலாம் என்று அரசு சொன்னது, ஊக்கமும் கொடுத்தது. அதைப் பார்த்துச் சில பெண்களும் முடியை வெட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே டோக்கியோவில் பெண்கள் முடி வெட்டக் கூடாது என்று ஆணை வந்துவிட்டது. நாடு மாறிவிட்டது என்று வெளியுலகத்துக்குக் காட்ட ஆண் தலை. ஒன்றும் மாறவில்லை என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ளப் பெண் தலை. நம் ஊர் வரலாறு படித்த உனக்கு இது புதிதாக இருக்காது.

நீ மொழி வகுப்பில் 'பெண்கள் பேச்சு' என்று படித்தாயே, வாக்கியம் முடியும்போது 'தேயோ', 'தாவா' என்று குழைவது? 1888இல் எழுத்தாளர் ஒசாகி கோயோ அதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேசுகிற கொச்சை அது, காதுக்கு ஆகவில்லை என்பது அவர் வாதம். அன்று பெரியவர்களை எரிச்சல்படுத்திய பேச்சுதான் இன்று குலப்பெண்ணின் நளினம் என்று உனக்குப் பாடமாக வருகிறது.

மனைவி கணவனின் குடும்பப் பெயரை ஏற்பதும் அப்படித்தான். ஜப்பானில் தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். சுமார் 95 சதவீதம் பெண்கள்தான் மாற்றிக்கொள்கிறார்கள். கேட்டால் பாரம்பரியம் என்பார்கள். ஆனால் 1876இல் அரசு போட்ட ஆணை, மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றது! ஐரோப்பியச் சட்டங்களைப் பார்த்து எழுதிய 1898 சிவில் சட்டத்தில்தான் இது தலைகீழானது. 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் இந்த ஒரே பெயர் விதி செல்லும் என்றது. போன அக்டோபரில் ஜப்பானின் முதல் பெண் பிரதமர் ஆன தகாயிச்சியும் தனித்தனிப் பெயர் கோரிக்கையை எதிர்த்தே வந்தவர். ஒரு பெண் மேலே வந்தால் பெண்களுக்கெல்லாம் வழி திறந்துவிடும் என்று நம்புவது எனக்கு எப்போதுமே கடினம்.

'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' என்று அங்கே பெண் கல்விக்கே வைத்த இலக்கும் மெய்ஜி காலத்துச் சரக்குதான். அதற்கு முன்பு, கைபாரா எக்கென் என்ற பழைய அறிஞர் பெயரில் வழங்கிய நீதிநூல் பெண்ணைக் கீழ்ப்படியச் சொன்னது. பிள்ளையை அறிவோடு வளர்க்கும் பொறுப்பை அது அவளிடம் பெரிதாகக் கொடுக்கவில்லை. சாமுவேல் ஸ்மைல்ஸின் 'சுய உதவி' என்ற ஆங்கில நூலை மொழிபெயர்த்த நகமுரா மசானாவ் போன்றவர்கள், இங்கிலாந்தில் தாய்மார்களுக்கு இருந்த மதிப்பைப் பார்த்து 1870களில் இதைப் பேசத் தொடங்கினார்கள். 1899இல் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆணை வந்தபோது அது அரசுக் கொள்கையே ஆகிவிட்டது. அதே காலத்தில் பட்டு ஆலைகளிலும் பஞ்சாலைகளிலும் ஏழைப் பெண்கள் நாள் முழுக்க நின்று உழைத்து அந்த நாட்டுக்கு ஏற்றுமதிப் பணம் சம்பாதித்துக் கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் நளினம் கேட்கவில்லை.

இப்போது உன் பர்ஸைத் திற. புது 5000 யென் நோட்டில் ஒரு பெண் இருக்கிறாரே, த்சுதா உமேகோ, அவரைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

1871 இறுதியில் ஜப்பான் அரசு ஐந்து சிறுமிகளைப் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதில் கடைக்குட்டி உமேகோ. ஏழு வயதுகூட நிரம்பவில்லை. வாஷிங்டனில் லான்மன் என்கிற பிள்ளையில்லாத தம்பதியின் வீட்டில் வளர்ந்தாள். 1882இல் ஊர் திரும்பியபோது தாய்மொழி மறந்துபோயிருந்தது. தரையில் மண்டியிட்டு உட்காரவே திண்டாட்டம். அவளோடு போன சுதெமாத்சு, வாஸர் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், திரும்பி வந்து ஒரு ராணுவத் தளபதியைக் கல்யாணம் செய்துகொண்டார். உமேகோவுக்கும் வரன் பார்த்தார்கள். கல்யாணப் பேச்சு என்றாலே அலுத்துப்போகிறது என்று அமெரிக்க வளர்ப்புத் தாய்க்கு அவள் எழுதியிருக்கிறாள். வருடக்கணக்காக அவள் எழுதிய அந்தக் கடிதங்கள் 1984இல் அவள் தொடங்கிய கல்லூரியின் பரணில் கிடைத்தன.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 1889இல் திரும்ப அமெரிக்கா போய் பிரின் மார் கல்லூரியில் உயிரியல் படித்தாள். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய டி. எச். மார்கனோடு சேர்ந்து தவளை முட்டை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினாள். அது 1894இல் வெளிவந்தது. அவள் அங்கேயே தங்கி விஞ்ஞானி ஆகியிருக்க முடியும். அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்து 1900இல் பத்து மாணவிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினாள். பெண் தன் சம்பாத்தியத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே ஆங்கில ஆசிரியர் சான்றிதழுக்குத் தயார்செய்யும் பள்ளி. ஆனால் திறப்பு நாளிலேயே அந்த மாணவிகளிடம், அடக்கமாக இருங்கள், பணிவாகப் பேசுங்கள், கண்ணை உறுத்துகிறபடி நடக்காதீர்கள் என்று சொன்னாள்.

இதைப் படித்துவிட்டு உன்னைப் போன்றவர்கள், "பார்த்தாயா, அவளும் பயந்துவிட்டாள்" என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்னத் தவறு கிடைத்தாலும் பள்ளியையே மூடச் சொல்ல ஆட்கள் காத்திருந்தார்கள். பணிவு அவளுக்குக் கவசம். உள்ளே என்ன பாடம் நடக்கிறது என்பதில் அவள் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. மேலாளர் முன்னால் நீ குரலைத் தணிப்பதில் எனக்கு வருத்தமில்லை கயல். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்றாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மேற்கில் பெண் சுதந்திரமா இருக்கா" என்றும் சொன்னாய். கொஞ்சம் பொறு. ஜப்பானில் எத்தனையோ வீடுகளில் கணவன் சம்பளத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்கு அவளிடம் வாங்கிக்கொள்கிறான். ஹனி மோத்தோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இலேயே குடும்பக் கணக்கு நோட்டு அச்சிட்டு வெளியிட்டார். பிரான்ஸில் மணமான பெண் கணவன் அனுமதியில்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க 1965 வரை காத்திருந்தாள். அமெரிக்காவில் 1974இல் சட்டம் வந்த பிறகுதான், பெண் என்பதையோ மணமானவள் என்பதையோ காட்டிக் கடன் மறுக்கக் கூடாது என்று ஆனது. சுவிட்சர்லாந்துப் பெண்களுக்கு தேசியத் தேர்தலில் ஓட்டு 1971இல். ஜப்பானியப் பெண்கள் 1946லேயே ஓட்டுப் போட்டு, 39 பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்காக ஜப்பான் மனைவி ராஜாத்தி என்று நான் சொல்லவில்லை. பர்ஸ் அவள் கையில், சம்பளம் அவன் பெயரில். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்ட தலைமுறைகளுக்கு அந்தப் பர்ஸ்தான் மிச்சம்.

குதிகால் செருப்பு விஷயமும் ஞாபகம் வருகிறது. மேற்கிலிருந்து வந்த அந்தச் செருப்பை அலுவலகத்தில் பெண்கள் போட்டே ஆக வேண்டும் என்ற விதியை எதிர்த்து 2019இல் இஷிகாவா யூமி கையெழுத்து இயக்கம் நடத்தினார். எங்கிருந்தோ வந்த அலங்காரம் உள்ளூர் ஒழுக்கமாகிவிடுகிறது. கழற்றுகிறவள் அடங்காப்பிடாரி ஆகிவிடுகிறாள்.

மே மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. வேலையைத் தொடரலாமா, ஒரு வருடம் விடுப்பு எடுக்கலாமா என்று தவிக்கிறாய். இதே சண்டையை 1918இல் இரண்டு ஜப்பானியப் பெண்கள் பத்திரிகைகளில் போட்டார்கள். ஒருவர் கவிஞர் யொசானோ அகிகோ. பதினொரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதிச் சம்பாதித்தவர். பிள்ளைப்பேற்றுக்கு அரசின் கையை எதிர்பார்ப்பதும் கணவன் கையை எதிர்பார்ப்பதும் ஒன்றுதான், பெண் முதலில் சொந்தக் காலில் நிற்கட்டும் என்றார். எதிரில் ஹிராத்சுகா ராய்ச்சோ, 1911இல் பெண்களே நடத்திய 'செய்தோ' இதழைத் தொடங்கியவர். தாய்மை சமுதாயத்துக்குச் செய்யும் வேலை, அதைச் சமுதாயம்தான் தாங்க வேண்டும் என்றார். கவனி, அந்தத் தாய்மைக் கொள்கையை ராய்ச்சோ எடுத்தது ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் எலன் கேயிடமிருந்து. கீழை, மேலை என்று கோடு போட நினைத்தால் அந்தக் கோடு இங்கே எங்கே நிற்கும்?

நான் ராய்ச்சோ பக்கம். யொசானோவின் வீரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பதினொரு பிள்ளைகளோடு பேனா பிடிக்கிற தெம்பை எல்லாப் பெண்ணிடமும் கேட்பது நியாயமில்லை. சட்டம் கொடுக்கிற விடுப்பை எடு. எடுத்தால் பலவீனம் என்று உன் பாஸ்டன் தோழி சொன்னால் சொல்லட்டும்.

கடைசியாக அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டி. "இந்த வருடம் பையனாகப் பிறந்தால் நல்லது" என்றாராம். நீ ஏன் என்று கேட்காமல் விட்டுவிட்டாய். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது வருடச் சுற்று உண்டு. அதில் 2026 நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த பெண் அடங்கமாட்டாள், கணவனைக் கொன்றுவிடுவாள் என்று பழைய நம்பிக்கை. நம் ஊரில் 'பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்லி எத்தனை பெண்களை வீட்டில் உட்காரவைத்தார்களோ, அதே கொடுமை. 1965இல் ஜப்பானில் 18 லட்சத்து 20 ஆயிரம் பிள்ளைகள் பிறந்தன. 1966 நெருப்புக் குதிரை ஆண்டில் 13 லட்சத்து 60 ஆயிரமாக விழுந்தது. அடுத்த வருடமே 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக் நடத்தி, அதிவேக ரயிலும் விட்ட நாட்டில் இது நடந்தது.

அந்த ஆண்டு பிறந்த ஒரு பெண்தான் இளவரசி கிகோ. 1990இல் அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போனார். நாற்பது வருடமாக ஆண் வாரிசு பிறக்காத அந்த வீட்டில் 2006இல் மகனைப் பெற்றவர் அவர்தான். நானும் 1966தான். நமக்கு அது பராபவ ஆண்டு, இந்தச் சித்திரையில் பிறப்பதும் பராபவ. உன் அப்பாவை நீயே போன் பண்ணிக் கேள், நெருப்புக் குதிரையோடு குடும்பம் நடத்தியது எப்படி என்று. அந்தப் பாட்டியிடம் கோபப்படாதே. 1966இல் அவரே பிள்ளை பெறும் வயதில் இருந்திருப்பார். அவரை யார் என்னென்ன சொன்னார்களோ. ஒருநாள் டீக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுப் பார். கேட்டதை எனக்கு எழுது.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். குழந்தை பிறந்த எட்டு வாரத்துக்குள் அப்பாக்களும் நான்கு வாரம் விடுப்பு எடுக்கலாம் என்று 2022 அக்டோபரில் அங்கே சட்டம் வந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பே மனு கொடுக்க வேண்டுமாம். அலுவலகத்தில் யாரும் எடுப்பதில்லை என்று சாக்குச் சொல்லாமல் ஏப்ரல் கடைசியிலேயே கொடுத்துவிடச் சொல். நான் மே முதல் வாரம் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. பிரசவ மருந்துப் பொடியும் பூண்டும் கொண்டுவரலாமா, விமான நிலையத்தில் எதை விடுவார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அம்மா