வக்கீல் ஃபீஸ் பாக்கியும் 1 கோடி ரூபாய் வாசற்படியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நொடித்துப்போன கம்பெனிகளால் வங்கிகளுக்கு எத்தனை ஆயிரம் கோடி போனது என்று உங்கள் வணிகப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. ஐந்து லட்சம், பத்து லட்சம் பறிகொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் வக்கீல். ஒரு நூற்பாலைக்கு (பெயர் வேண்டாம்) ஆறு வருடம் லேபர் கோர்ட் கேஸ், செக் கேஸ், ஈ.எஸ்.ஐ. கேஸ் எல்லாம் நடத்தினேன். முதல் நாலு வருடம் பில் அனுப்பினால் பதினைந்து நாளில் பணம் வந்துவிடும். அப்புறம் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் சார்" ஆரம்பித்தது, அந்த அடுத்த மாசம் வரவேயில்லை, இப்போது மில் பூட்டிக் கிடக்கிறது, எனக்கு வர வேண்டியது 6 லட்சத்து 40 ஆயிரம்.

வக்கீலுக்கே பாக்கியா, கேஸ் போட வேண்டியதுதானே என்று வீட்டிலேயே சிரிக்கிறார்கள். போடலாம். ஃபீஸுக்காக வக்கீல் வழக்குப் போடலாம் என்று 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. 3 சதவீதம் கோர்ட் ஃபீ கட்டி, சில வருடம் நடந்து, டிக்ரியும் (பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணை) வாங்கலாம். கையில் காசில்லாத கம்பெனி மேல் வாங்கிய டிக்ரியை வைத்து என்ன செய்வது, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவா? ஃபீஸ் வரும்வரை கேஸ் கட்டைத் தராமல் பிடித்து வைக்கவும் கூடாது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது நியாயம்தான். கட்டுகளை எல்லாம் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. 1956-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் 500 ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தாலே மூன்று வார நோட்டீஸ் கொடுத்து, பணம் வராவிட்டால் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போகலாம். 2016-இல் திவால் சட்டம் வந்தபோது அந்த 500 என்பது 1 லட்சம் ஆனது, நோட்டீஸ் பத்து நாளாகக் குறைந்தது, மனுக் கட்டணம் வெறும் 2,000 ரூபாய். பரவாயில்லை, அதிலும் ஒரு நியாயம் இருந்தது. 2020 மார்ச் 24 அன்று, கொரோனாவில் சின்னக் கம்பெனிகள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லி, அந்த 1 லட்சத்தை மத்திய அரசு 1 கோடி ஆக்கியது. அந்தக் காலத்துப் பாக்கிகளுக்குத் திவால் மனு போடவே கூடாது என்று தனியாக ஒரு தடையும் வந்தது. அந்தத் தடைக்கான காலம் ஒரே வருடத்தோடு முடிந்துவிட்டது. 1 கோடி மட்டும் அப்படியே நிற்கிறது. எந்த ஊர் வக்கீலுக்கு, ஆடிட்டருக்கு, கேன்டீன்காரருக்கு ஒரே கம்பெனியிடம் 1 கோடி பாக்கி இருக்கும்? நாலு பேர் சேர்ந்து போகலாமே என்றால், வங்கிகள் சேர்ந்து மனுப் போடலாம் என்று திவால் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இருக்கிறது, எங்களுக்கான 9-ஆம் பிரிவில் அந்த வார்த்தையே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யாரோ ஒரு வங்கி மனுப் போட்டு அந்த மில் கலைப்புக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்று வரும் பணத்தில் முதலில் எடுப்பது திவால் நடவடிக்கைக்கான செலவு, அதாவது அந்த நடவடிக்கைக்கு அமர்த்திய வக்கீலின் ஃபீஸும் அதில் அடக்கம். அப்புறம் தொழிலாளர்களும் அடமானம் பிடித்த வங்கிகளும், அப்புறம் மற்ற ஊழியர்கள், மற்ற கடன் கொடுத்தவர்கள், அரசு பாக்கி. அதற்கும் கீழே நான், எனக்குக் கீழே பங்குதாரர்கள் மட்டும். கம்பெனி உயிரோடு இருந்தபோது வாதாடியவன் கடைசிப் பந்தி, செத்தபின் வந்தவர் முதல் பந்தி! தொழிலாளிக்கு முன்னால் எனக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது அநியாயம்.

நான் கேட்பது மனுப் போடும் தகுதியை மட்டும்தான். 4-ஆம் பிரிவின்படி அரசு வைக்கக்கூடிய உச்ச வரம்பே 1 கோடிதான், அந்த உச்சத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இறக்குவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டாம், ஒரு அறிவிக்கை போதும். 10 லட்சம் என்று வைத்தால் எனக்குக்கூடப் பயன்படாது, ஆனால் பலருக்குக் கதவு திறக்கும். வசூலுக்காகத் திவால் மனுவைக் காட்டி மிரட்டுவார்கள் என்பது பழைய பயம், நான் பார்த்ததும் உண்டு. அதற்குத்தான் நோட்டீஸுக்கு முன்பே உண்மையான தகராறு இருந்தால் மனு நிற்காது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே.

கடைசியாக, பாக்கி வர வேண்டியவர்களுக்கு ஒன்று. பூட்டிய கம்பெனிகள் சத்தமில்லாமல் தங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி மனுப் போடுவது உண்டு. அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிப் போடலாம். நான் அந்த மில்லின் பெயரை வாரம் ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பார்க்கிறேன். இன்னமும் 'ஆக்டிவ்' என்றுதான் காட்டுகிறது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
கோயம்புத்தூர்.