வாந்தியைப் பற்றி மட்டும் கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவையில் தெக்கோங் தீவின் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டாய், போஸ்டிங் கடற்படைக்கு வந்திருக்கிறது. நேற்று ராத்திரி நீ கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, கப்பல்ல வாந்தி வருமா?"

வரும். ஆடுகிறோம் என்று உள்காது சொல்லும். எதிரே உள்ள இரும்புச் சுவரோ அசையவில்லை என்று கண் சொல்லும். இரண்டுக்கும் நடக்கிற சண்டையில் வயிறு மாட்டிக்கொள்ளும். வெறும் வயிற்றோடு ஏறாதே. மேல்தளத்துக்குப் போனால் தொடுவானத்தைப் பார். இஞ்சி மிட்டாய் இரண்டு பையில் இருக்கட்டும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் பழகிவிடும். இதற்காக ராணுவச் சாமான் விற்கும் பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டுக்குப் போய்ப் பாதிக் கடையை வாங்கி வராதே.

'செடியா', 'செனாங் டிரி' என்று மலாயில் போடும் அணிவகுப்புக் கட்டளைகள் எல்லாம் உனக்குப் பழகியிருக்கும். இங்கே பெயர்களைப் புதிதாகப் படிக்க வேண்டும். தரை என்றால் டெக், சுவர் என்றால் பல்க்ஹெட், கழிப்பறை ஹெட்ஸ். கயிறு என்று சொன்னால் முறைப்பார்கள், அது லைன். மலாய்க்காரர்கள் 'கபால்' என்பது மட்டும் நம்முடைய கப்பல்தான். அந்தப் பெருமையை மனத்துக்குள் வைத்துக்கொள், சார்ஜன்ட்டிடம் சொல்லப் போகாதே. நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முடிச்சுப் போடுவது, காவல் முறை எல்லாம் கை தானாகக் கற்றுக்கொள்ளும். நான் சொல்ல நினைத்தது தண்ணீர் புகும் அறையைப் பற்றி.

கரையில் தீப்பிடித்தால் 995க்கு அடிக்கலாம். நடுக்கடலில் யாருக்கு அடிப்பாய்? நம் கடற்படையில் இப்போதுள்ள இண்டிபெண்டன்ஸ் வகைக் கப்பல் 80 மீட்டர் நீளம், அடிப்படைக் குழுவோ 23 பேர்தான். அதனால் சமைப்பவனும் தீயணைக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், ஓட்டை அடைக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். தீயில் அடித்த தண்ணீரையும் விட்டுவைக்கக் கூடாது, இறைத்துக் கொட்ட வேண்டும். தளத்தில் தளும்பும் தண்ணீர், கப்பல் சாயும் பக்கமே ஓடி அதை இன்னும் சாய்க்கும்.

பயிற்சிக்கென்று கப்பலின் உள்ளறை மாதிரியே கட்டிய ஓர் இரும்பு அறை. எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு குழாய் வெடித்தது, சுவரில் இரண்டு ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது, விளக்கு அணைந்தது. வெளியே பயிற்றுநர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், நினைத்தால் நிறுத்திவிடுவார்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் என் கால் கதவுப் பக்கம் போனது. நான் கதவைத் தட்டினேனடா. திறக்கவில்லை. நிஜக் கப்பலிலும் திறக்க மாட்டார்கள். திறந்தால் அடுத்த அறையும் போய்விடும்.

என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தவன் பக்கத்துக் கட்டில்காரன். துடைப்பான் வாளி ஒன்றுக்காகச் சண்டை போட்டு, இரண்டு வாரமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அப்போதும் அவன் பேசவில்லை. துணி சுற்றிய மரக்கூம்பைக் கையில் திணித்தான். ஓட்டையில் வைத்து அழுத்தினேன், தண்ணீர் முகத்தில் அறைந்தது. அவன் சுத்தியலால் தட்டினான், ஓங்கி அடிக்காமல், அளவாக. ஓங்கி அடித்தால் தகடு கிழிந்து ஓட்டை பெரிதாகும். மென்மரம் நனைந்தால் உப்பும், உப்பினால் தானே இறுகும். பீய்ச்சல் சொட்டாகக் குறைந்ததை இருட்டில் கையால் தடவித்தான் தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் அவன் முதலில் கேட்டது, "வாளி எங்கே?"

உனக்கு இரண்டு ஆண்டுதான். எனக்கு இரண்டரை. 2004இல்தான் குறைத்தார்கள், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. அந்த இரண்டரை ஆண்டில் நிஜமாக ஓட்டை அடைக்க வேண்டி வந்ததே இல்லை. ஆனால் இன்றைக்கும் புதிதாக எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் கதவைத்தான் பார்க்கிறது. உன் அத்தை இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

காலையில் உங்கம்மா போன் செய்தாள். "அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமேடா, பயமில்லையே?" என்றாள். பயமில்லை அக்கா என்றேன். அந்த அறையைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் இங்கே எழுதுவதை அவள் ஒருநாளும் படித்ததில்லை. நீயும் சொல்லிவைக்காதே.

அன்புடன்,
மாமா