உன் வீட்டுச் சாவி வேண்டும், சேது

மன்னார்குடி,
புரட்டாசி 5

அன்புள்ள சேது,

சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். மகள் வேலையில் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொல்லக்கூட இவனுக்கு நேரமில்லையா என்று திட்டியிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கு என் ஆசிகளைச் சொல். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே அம்மா உட்பட எல்லோரும் நலம். குடுமி சாரைப் போன வாரம் தேரடியில் பார்த்தேன், உன்னைத்தான் முதலில் கேட்டார்.

வீட்டில் ஒன்று நடந்தது. ஆடிக் கடைசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. விடியற்காலை நாலரை மணிக்கு நடு அறையில் ஏதோ இடிந்தது போல சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மாவின் கட்டில் தலைமாட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேல்கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்து கிடக்கிறது. தாம்பாளம் அகலம் இருக்கும். பிறகு தூக்கிப் பார்த்தேன், ஐந்தாறு கிலோ தேறும். அம்மா எழுந்து உட்கார்ந்து, "என்னடா, பூனையா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை எனக்கு. அவளைக் கைத்தாங்கலாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தேன். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிலும் ஈரமாக இருந்தது, அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை உடனே நிறுத்தினேன். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

இத்தனைக்கும் போன வருஷம்தான் ஒருவர் வந்து மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்து 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பத்து வருஷம் தாங்கும் என்றார். ஒரு கோடைக்கே தோல் உரிவது போல உரிந்து வந்தது. தளத்தை ஓர் இடத்தில்கூட அவர் தட்டிப் பார்க்கவில்லை, தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. விழுந்தது பூச்சுதான், ஆனால் அதைத் தள்ளியது உள்ளே இருந்த கம்பி. இரும்பு துருப்பிடித்தால் உப்பும், தான் இருந்த இடத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்த நெருக்கலுக்கு வெடித்துவிடும். அதற்கு மேலே வெள்ளையடித்து என்ன பயன்?

'நாலு ஆளை வைத்துச் செய்யாமல் உனக்கு ஏன் இந்த வேலை' என்று நீ கேட்பாய். ஆளையும் வைத்தேன். கம்பி விஷயத்தில் நானாகக் கை வைக்கவில்லை, முதலில் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டினேன். மேல்தோல்தான் துரு, உள்ளே கம்பி திடமாக இருக்கிறது, பாதி தின்றிருந்தால் கதையே வேறு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் நோய் எங்கே என்று கண்டுபிடிப்பது வீட்டுக்காரன் வேலை, சேது. எந்தக் காற்றுக்கு எந்தச் சுவர் நனையும், மழை விட்ட பிறகு எத்தனை நாள் சொட்டும் என்பதெல்லாம் அந்த வீட்டில் படுத்து எழுந்தவனுக்குத்தான் தெரியும். ஒரு மணி நேரம் வந்து போகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் மழை விட்டு மூன்று நாள் வரை சொட்டும். நான் பிடித்துக்கொண்ட நூல் அதுதான். அப்பா 1978இல் கட்டியபோது கான்கிரீட் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டையான ஓடு, அதுதான் தட்டோடு, பதித்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்கள், நாம் போய் எட்டிப் பார்த்துத் திட்டு வாங்குவோம். அந்தச் சுருக்கிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் பஞ்சு போல வைத்துக்கொண்டு மெல்லத்தான் விடும். கான்கிரீட் மேலேயே ஓடி, எங்கே பள்ளமோ எங்கே வெடிப்போ அங்கே சொட்டும். அதனால் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே தேடினால் ஒன்றும் கிடைக்காது.

நான் மாடியைப் பாத்தி கட்டினேன். களிமண் கரை வைத்து ஆறு பாத்தி. ஒரு நாளைக்கு ஒரு பாத்தியில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துவது, கீழே கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது. மூன்று பாத்திக்கு ஒன்றும் இல்லை. நாலாவது, தெற்குக் கைப்பிடிச்சுவரை ஒட்டியது. காலையில் நிறுத்தினேன், மதியம் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், பழைய கறை ஓரத்தில் புதிதாக ஈரம் பூத்திருக்கிறது. நாலைந்து நாள் காயவிட்டு, அடுத்து சுவரின் அடியில் மட்டும் சொம்பால் விட்டுக்கொண்டே வந்தேன். இரண்டே மணி நேரம். தளமும் சுவரும் சேரும் மூலையில் ஒரு வெடிப்பு, நூல் கனம்தான், ஐந்தடி நீளம். அம்மா கட்டிலுக்கும் அதற்கும் ஏழடி தூரம்.

அந்த இடம் எது என்று உனக்கு எழுதும்போதே மனசு என்னவோ செய்கிறது. கஜா புயல் அடித்த ராத்திரி, 2018 நவம்பர் 16, கொல்லைத் தென்னை சாய்ந்து மோதிய இடம். ஊரே மரத்தைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த நேரம், சுவரில் பெயர்ந்ததைப் பூசி வெள்ளையடித்ததோடு விட்டுவிட்டோம். புயல் போய்விட்டது என்று நாம் நினைத்தோம். அது சுவருக்கு அடியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறது.

இடம் தெரிந்த பிறகு வேலை பெரிதில்லை. உங்கள் கொல்லைக்குப் பின்னால் இருக்கிறாரே பெரிய கொத்தனார், அவரைப் போய்க் கேட்டேன். இப்போது ஏணி ஏற மாட்டார். (ஏணி என்றதும் டைப்ரைட்டிங் மாடி ஞாபகம் வந்ததா? மூன்றாம் படியில் நின்றுகொண்டு "அம்மா" என்று கத்தியவன் யார் என்று உன் மகளுக்கு என்றைக்காவது சொல்லத்தான் போகிறேன்.) கீழே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு பானையில் பத்து நாள் ஊறப்போடச் சொன்னார். புளித்து நுரைத்துக்கொண்டு, கள்ளுக்கடைப் பக்கம் போனால் வருமே, அப்படி ஒரு வாசனை. வெடிப்பை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குத் தட்டோட்டைப் பெயர்த்தேன். நாற்பது வருஷத்துக்கு மேலான சுண்ணாம்பு, சேது, உளி பட்டால் துள்ளுகிறது! காற்றை வாங்கி வாங்கிக் கல்லாகவே ஆகியிருக்கிறது. அப்பா அன்றைக்குக் கூலியில் கை வைக்காமல் செய்த வேலை என்று கையில் தெரிந்தது. வெடிப்பை உளியால் அகலப்படுத்தி, தூசியைத் தேங்காய் நாரால் துடைத்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, அதிலேயே குழைத்த சுண்ணாம்புக் கலவையைத் திணித்து அடித்தேன். மூலையில் தண்ணீர் தங்காதபடி ஆறங்குலத்துக்குச் சரிவாகக் கலவை வைத்து, மேலே தட்டோடு. ஒரு வாரம் ஈரச் சாக்கு. அவசரப்பட்டுச் சீக்கிரம் காயவிட்டால் வெடித்துவிடும் என்று கொத்தனார் தினமும் ஆள் விட்டு விசாரித்தார்.

கீழே கூரை முழுக்கச் சுத்தி காம்பால் தட்டி வந்தேன். நல்ல இடத்தில் டங் என்று கேட்கும், கழன்ற இடத்தில் டொப் என்று அடங்கிவிடும். டொப் என்ற இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். கொத்தனாரின் மகன் வந்து அவ்வளவையும் உதிர்த்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, பிரைமர் அடித்துப் பூசிக் கொடுத்தான். எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். போன வாரம் இரண்டு மழை பெய்தது, ஒரு சொட்டு இல்லை. அம்மா பழையபடி நடு அறைக்கே வந்துவிட்டாள்.

இனிமேல்தான் விஷயம். கொத்தனார் வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த சாரக்கயிறை எடுக்கப் போனவன், உங்கள் வீட்டைப் பார்த்தேன். வடக்குக் கைப்பிடிச்சுவரில் மூன்று அரசங்கன்று. ஒன்று என் கட்டைவிரல் பருமன், இலை பளபளவென்று காற்றில் ஆடுகிறது. மழைத் தண்ணீர் இறங்கும் தூம்பு வாயில் சருகு அடைத்து, அந்த மூலை முழுக்கப் பாசி. உங்களுடையது கான்கிரீட்கூட இல்லை, தேக்குக் கட்டை மேல் அச்சுக்கல் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டு. அங்கே நிற்கிற தண்ணீர் சுவருக்குள் இறங்கி உத்திரத்தின் முனையைத்தான் முதலில் பிடிக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனை உளுத்தால் வெளியே தெரியாது. ஈரத்தைத் தேடிக் கரையானும் வரும். கன்றை மேலே ஒடித்துப் போடுவதால் பயனில்லை, மறுபடி தழைக்கும். அந்த இடத்தில் சுவரைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டு, சுண்ணாம்பு வைத்துக் கட்ட வேண்டும். இந்த வருஷம் நாலு செங்கல்லோடு போகும். இன்னும் இரண்டு வருஷம் விட்டால் சுவரே போகும்.

உன் அப்பா ஆவணி பிறந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்குமாற்றோடு மாடி ஏறிவிடுவார். தூம்பில் குச்சி விட்டுக் குத்தி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, தெருவில் நிற்கும் நம்மிடம் "வருதாடா?" என்று கத்துவார். "வருது மாமா" என்று நாம் பதில் சொன்ன பிறகுதான் இறங்குவார். அவர் போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

வீட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். விற்பதோ வைத்துக்கொள்வதோ, நீயும் அண்ணனும் பேசி முடிவெடுங்கள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை உத்திரம் நனையக் கூடாது. நம் ஊருக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்துதான் பெய்கிறது. ஐப்பசி பிறக்க இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

சாவியைக் கூரியரில் அனுப்பு, கொல்லைக் கதவுச் சாவியும் சேர்த்து. பணத்தைப் பற்றி இப்போது பேசாதே, சண்டை வரும். கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன், அந்த வீட்டுக்கு என்றால் நாற்காலியோடு வருகிறேன் என்றார். கடுக்காய்த் தண்ணீர் அரைப் பானை மிச்சம் இருக்கிறது, வேடு கட்டி மூடி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமு